கேட் 6 கேபிளும் வைனல் தரையும் நாமே போடலாமா? உட்லண்ட்ஸ் நாலறை வீடு

வடக்குவாசல்:
வணக்கம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் 2001இல் கட்டிய நாலறை வீடு ஒன்றை மறுவிற்பனையில் வாங்கியிருக்கிறோம். போன வாரம்தான் சாவி கைக்கு வந்தது. தைப்பொங்கலுக்குப் புது வீட்டில் பால் பொங்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

காண்ட்ரேக்டர் ஒருவர் வந்து அளந்துவிட்டு இரண்டு வேலைக்கு விலை சொன்னார். வரவேற்பறை, மூன்று படுக்கையறை சேர்த்து 650 சதுர அடி வைனல் (பிளாஸ்டிக் பலகை) தரை, சதுர அடி 5 வெள்ளி (டாலர்) 50 காசு, மொத்தம் 3,575 வெள்ளி. வரவேற்பறையிலிருந்து மூன்று அறைக்கும் இணையத்துக்கான கேட் 6 கேபிள், அறைக்கு 150 வீதம் 450 வெள்ளி.

அதே மாதிரி வைனல் பலகையைக் கடையில் 2 வெள்ளி 80 காசுக்குப் பார்த்தேன். வெட்டும்போது வீணாவதற்குப் பத்து விழுக்காடு கூட்டி 715 சதுர அடி வாங்கினாலும் 2,002 வெள்ளிதான். கேபிளுக்கு ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்கு. டிசம்பரில் இரண்டு வாரம் லீவு இருக்கிறது, தம்பியும் உதவிக்கு வருவான். வைஃபை போதுமே என்று சொல்லாதீர்கள். பாம் ஷெல்டர் (குண்டுவீச்சிலிருந்து ஒதுங்கும் அறை) வீட்டின் நடுவில் இருக்கிறது, அந்தக் கான்கிரீட் சுவரைத் தாண்டிக் கடைசி அறைக்கு சிக்னல் போவதே இல்லை. மனைவி அந்த அறையிலிருந்துதான் வேலை பார்க்கப் போகிறாள்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள்.

கம்பிக்காரர்:
வேண்டாம் தம்பி. உரிமம் பெற்ற மின் ஊழியனாக முப்பது வருடமாக இந்த ஊரில் வேலை பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். கேபிளில் ஓடுவது சிறு மின்னழுத்தம், அது யாரையும் கொல்லாது. ஆனால் கேபிளைப் பொருத்தச் சுவரில் துளை போடுவீர்கள். அந்தச் சுவருக்குள் 230 வோல்ட் ஓடுகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள், மின்சாரம் போனது திரும்பி வரவில்லை என்று. போய்ப் பார்த்தால் சாக்கெட்டுக்கு நேர்மேலே ஒரு சாண் உயரத்தில் புத்தக அலமாரிக்குத் துளை. ட்ரில் முனை பைப்பையும் கிழித்துக் கம்பியையும் கிழித்திருந்தது. முனையிலே செம்பு ஒட்டியிருந்தது, கண்ணால் பார்த்தேன். 30 மில்லியாம்பியர் மின்கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்சிசிபி இருந்ததால் அந்தப் பையன் இன்று நடமாடுகிறான். சுவிட்சு, சாக்கெட்டு எங்கே இருக்கிறதோ அதற்கு நேர்மேலும் நேர்கீழும் கம்பி ஓடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு அது தெரியாது.

இன்னொன்று. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று மின்கம்பி ஓடும் ட்ரங்கிங்கிலேயே (கம்பியை மூடும் பிளாஸ்டிக் உறை) நெட்வொர்க் கேபிளையும் திணித்து மூடுகிறார்கள். அது செய்யவே கூடாத வேலை.

கேபிள் பித்தன்:
அண்ணே சொன்ன இரண்டும் சரி. ஆனால் இரண்டுமே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள்தானே? தெரிந்துகொண்டு செய்வதில் என்ன தப்பு? ஐந்து வீட்டுக்கு நானே கேபிள் இழுத்திருக்கிறேன், என் அக்கா வீடு உட்பட. சுவருக்கு வெளியே, தரைக்கு மேலே சுவரடி ஸ்கர்ட்டிங் பலகை ஓரமாக ஒட்டும் ட்ரங்கிங்கில் கொண்டுபோனால் நீளத்துக்குத் துளையே வேண்டாம். கதவு நிலையைச் சுற்றிப் போவதுதான் கொஞ்சம் பொறுமை கேட்கும்.

வடக்குவாசல், சிம் லிம் டவருக்குப் போங்கள். கேபிள், முகப்புப் பெட்டி, கம்பியை அழுத்தும் கருவி எல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைக்கும். முழுச் செம்புக் கம்பிதானா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் விற்கிறது, விலை குறைவு, முறுக்கினால் ஒடிந்துவிடும். 10 ஜிபிபிஎஸ் வேக இணையம் வருகிறதே, அடுத்த தரமான கேட் 6ஏ வேண்டுமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். நாடு தழுவிய இணையக் கட்டமைப்பை 2024 நடுப்பகுதியிலிருந்து 2026க்குள் அந்த வேகத்துக்கு உயர்த்த அரசாங்கம் 10 கோடி வெள்ளி வரை ஒதுக்கியது உண்மைதான். ஆனால் கேட் 6 கேபிளே 55 மீட்டர் வரை 10 ஜிபிபிஎஸ் தாங்கும். நாலறை வீட்டில் எந்த அறைக்கும் 25 மீட்டருக்கு மேல் போகாது. 6ஏ தடிமன், ட்ரங்கிங் மூலையில் வளைக்கப் படாத பாடு படவேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் கை வைக்காதீர்கள். வெளியிலிருந்து இணைய ஃபைபர் வந்து முடியும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி. அதற்குள் இருப்பது கண்ணாடி இழை. இடம் மாற்ற வேண்டுமானால் அதற்குரியவர்களைக் கூப்பிடுங்கள்.

கம்பிக்காரர்:
ஐந்து வீடு என்கிறீர்கள், நல்லது. அந்த ஐந்தையும் எதை வைத்துச் சோதித்தீர்கள்? கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிக்கும் எட்டு விளக்கு வரிசையாக எரியும் சின்ன டெஸ்டரா? நான் போன ஒரு வீட்டில் எட்டும் அழகாக எரிந்தது. ஆனால் வீடியோ அழைப்பு விட்டு விட்டு வந்தது. பிரித்துப் பார்த்தால் கம்பியை ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பார்வைக்கு வரிசையாக இரண்டு முனையிலும் வைத்திருந்தார்கள். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்ததால் டெஸ்டர் சரி என்றது. முறைப்படி 3ஆம் இடத்துக் கம்பியும் 6ஆம் இடத்துக் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். இங்கே ஒன்று பச்சையோடும் மற்றது நீலத்தோடும் முறுக்கியிருந்தது. முறுக்கு இருப்பதே பக்கத்துக் கம்பியின் இரைச்சலைத் தடுக்கத்தான். ஜோடி பிரிந்தால் அந்தப் பயன் போச்சு.

கேபிள் பித்தன்:
அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். சின்ன டெஸ்டர் அதைக் கண்டுபிடிக்காது. ஆனால் வழி இருக்கிறது, அதற்கு வருடக்கணக்கில் படிக்க வேண்டியதில்லை. டி568பி என்னும் கம்பி நிற வரிசையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியின் நடுவே நீல ஜோடி உட்கார்ந்திருக்கும், அதுதான் சூட்சுமம். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். மாட்டியபின் கணினியில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால் பெரும்பாலும் நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை. அந்த வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், 1 ஜிபிபிஎஸ்சுக்கு நான்கும் வேண்டும். அப்புறம், அறைக்கு அறை ஒரு பெரிய கோப்பை அனுப்பி முழு வேகம் வருகிறதா என்று பாருங்கள். ஜோடி பிரிந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

செவ்வந்தி:
தரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. செங்காங்கில் எங்கள் வீட்டு மூன்று அறைக்கும் நானும் என் வீட்டுக்காரரும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கிளிக் வைனல் போட்டோம். செய்யுங்கள் தம்பி, தைரியமாகச் செய்யுங்கள். ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள்.

பலகை தரையோடு ஒட்டாது. மேலே மிதக்கும். வெயிலில் விரியும். சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லியிருந்தது. எனக்கு அந்தச் சந்து அசிங்கமாகத் தெரிந்தது, ஜன்னல் பக்கம் மூன்று மில்லிமீட்டர்தான் விட்டேன். மேற்கு பார்த்த அறை. இரண்டாம் மாதம் ஒரு மத்தியானம் துணி மடிக்க உட்கார்ந்தால், இரண்டு பலகை சேருமிடம் கூரை முகடு மாதிரி எழுந்து நிற்கிறது. காலால் அழுத்தினால் இறங்கும், எடுத்தால் மறுபடி எழும். கடைசியில் சுவரோர ஸ்கர்ட்டிங்கைப் பெயர்த்து, ஓரப் பலகையை வெட்டி எடுத்தோம். இரவுக்குள் தானாகவே படிந்துவிட்டது. அதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், சுவரோடு அடிக்கும் அலமாரியை இந்தத் தரைமேல் நிறுத்தாதீர்கள். முதலில் அலமாரி, பிறகு பலகை. பெட்டிகளை அறைக்குள் கொண்டுவந்து இரண்டு நாள் படுக்கப் போட்டு வையுங்கள், அந்த அறைச் சூட்டுக்குப் பழகட்டும்.

போடுவதற்கு முன்னால் பழைய தரை ஓடுகளை ஒரு காசால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலாகச் சத்தம் வந்தால் ஓடு பிடிப்பில் இல்லை. 2018 ஜனவரியில் விடாமல் மழை பெய்து குளிர்ந்த நாட்களில் பல வீடுகளில் ஓடு வெடித்து எழுந்தது நினைவிருக்கிறதா? வைனலுக்கு அடியில் அப்படி எழுந்தால் அதன் பூட்டெல்லாம் உடைந்துபோகும்.

பாம் ஷெல்டர் கதவையும் பாருங்கள். இரும்புக் கதவு, வெளிப்பக்கம் திறக்கும். மரக்கதவு என்றால் அடியைச் சீவலாம், அதைச் சீவ முடியாது. வாசற்கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால் அதையும் சீவக் கூடாது.

ஒன்பதாம் மாடி:
எல்லோரும் ரொம்ப உற்சாகமாக இருக்கிறீர்கள். கீழ்வீட்டுக்காரன் ஒருவன் பேசட்டும்.

என் மேல்வீட்டில் இப்படித்தான் தொடங்கியது. முதலில் அறைக்குப் பலகை போட்டார். நன்றாக வந்தது. அந்தத் தெம்பில் ஒரு நண்பரை வைத்துக் குளியலறை ஓடுகளையும் தானே பெயர்த்தார். அடியில் இருந்த நீர்த்தடுப்புப் படலம் கிழிந்தது. என் குளியலறைக் கூரையில் முதலில் ஒரு தேநீர்க் கறை அளவு. பிறகு சுண்ணாம்பு உப்பி உதிர்ந்து, என் தாயார் குளிக்கும்போது தோளில் சொட்டியது. அவருக்கு வயது 78. ஐந்து மாதம் சமையலறை வாளி அங்கேயே இருந்தது.

பழுதுபார்ப்புச் செலவில் பாதியை வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின்) நல்லெண்ணத் திட்டம் ஏற்றது. மீதிப் பாதியை மேல்வீடும் நானும் சரிபாதியாகக் கட்டினோம். அவர் செய்த வேலைக்கு நான் கால் பங்கு கட்டினேன். என் வீடு, என் கை, என் காசு என்று பேசுகிறீர்கள். உங்கள் தரை எனக்குக் கூரை.

செவ்வந்தி:
அண்ணே, உங்கள் அம்மாவுக்கு நடந்தது கொடுமை. ஆனால் தம்பி குளியலறையைத் தொடுவதாகச் சொல்லவே இல்லை. ஓடு பெயர்க்க வீவகவிடம் அனுமதி வாங்க வேண்டும், அதன் பட்டியலில் உள்ள காண்ட்ரேக்டர்தான் செய்ய வேண்டும். புதுக் கட்டடமென்றால் முதல் மூன்று வருடம் குளியலறை ஓடுகளைப் பெயர்க்கவே கூடாது. உங்கள் மேல்வீட்டுக்காரர் விதியை மீறினார். பழைய ஓட்டின் மேல் ஐந்து மில்லிமீட்டர் பலகை பரப்புகிறவரை அவரோடு சேர்க்காதீர்கள்.

ஒன்பதாம் மாடி:
சேர்க்கத்தான் செய்வேன். அவருக்கும் விதி தெரியும். கை பழகிவிட்ட தெம்புதான் விதியைத் தாண்ட வைத்தது. பலகை பரப்புவதிலும் விதி இல்லையா? சிமென்ட் பூச்சும் தரைப்பொருளும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முன்னால் இருந்தவர் ஓட்டின் மேல் ஓடு போட்டிருந்தால்? இவர் அளந்தாரா? சத்தமும் இருக்கிறது. காலை 9 முதல் மாலை 6 வரைதான் புதுப்பிப்பு வேலை, ஞாயிறும் பொது விடுமுறையும் கூடாது. உடைப்பது, ஓடு வெட்டுவது போன்ற பெருஞ்சத்தம் வார நாட்களில் 5 மணியோடு முடிய வேண்டும், சனிக்கிழமையும் கிடையாது. லீவு நாளில் செய்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கை ஓயாது.

கேபிள் பித்தன்:
காண்ட்ரேக்டர் வைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? என் அக்கா வீட்டில் ஆள் வைத்துப் போட்ட தரையில்தான் ஓரச் சந்து இல்லாமல் பலகை எழுந்தது. கூப்பிட்டபோது போனை எடுக்கவே இல்லை. தன் வீட்டுக்குத் தானே செய்கிறவன் இரண்டு தடவை அளப்பான்.

கம்பிக்காரர்:
அளப்பான். எதை அளக்க வேண்டும் என்று தெரிந்தால். என் சண்டை அது ஒன்றுதான். சாக்கெட்டை நகர்த்துவது, புதுப் பாயின்ட் இழுப்பது எல்லாம் சட்டப்படி உரிமம் பெற்றவர் வேலை, அதில் பேச்சே இல்லை. பழைய வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன், 1985 ஜூலைக்கு முன் கட்டியதென்றால் ஆர்சிசிபி இருக்கிறதா என்று மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். 2025 ஜூலை 1க்குள் எல்லா வீட்டிலும் பொருத்தியிருக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சோதனைப் பொத்தானையும் அழுத்துங்கள்.

வடக்குவாசல்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை வேலை முடிந்து நேராகப் புது வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரம் தரையில் தவழ்ந்தேன்.

காசால் தட்டியதில் படுக்கையறைகள் சுத்தம். வரவேற்பறையில் ஜன்னலோரம் ஏழு ஓடு பொள்ளல். இதைக் காண்ட்ரேக்டர் கண்டுகொள்ளவே இல்லை. பாம் ஷெல்டர் கதவுக்கு அடியில் நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கிறது, பலகை ஐந்து. கதவு திறக்கும் வட்டம் முழுக்க உரசும். செவ்வந்தி அக்கா சொல்லாவிட்டால் எல்லாம் போட்டு முடித்தபிறகுதான் தெரிந்திருக்கும்.

அதனால் வரவேற்பறையில் ஓடே இருக்கட்டும், அந்த ஏழையும் அனுமதி வாங்கிப் பட்டியலில் உள்ளவரை வைத்து மாற்றுகிறோம். மூன்று படுக்கையறைக்கு மட்டும் வைனல், 330 சதுர அடி, நானும் தம்பியும் போடுகிறோம். ஒன்பதாம் மாடி அண்ணே, எங்கள் கீழ்வீடான எட்டாம் மாடிக்கு நேற்றே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். ஒரு பாட்டி இருக்கிறார், மத்தியானம் 2 முதல் 4 வரை தூங்குவாராம். அந்த நேரம் சுத்தியல் எடுக்க மாட்டேன்.

கேபிள் தரையோர ட்ரங்கிங்கில். ஆனால் படுக்கையறைச் சுவரைத் தாண்ட மூன்று துளை போட்டே ஆகவேண்டும். கம்பிக்காரர் அண்ணே, அதுதான் பயமாக இருக்கிறது.

கம்பிக்காரர்:
மூன்று இடத்தையும் பென்சிலால் குறித்து, சுவரின் இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள். சுவிட்சும் சாக்கெட்டும் படத்தில் தெரியட்டும். அது பாம் ஷெல்டர் சுவரில்லை என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். துளைக்கும் நேரம் மெயினை அணைத்துவிட வேண்டும், அதனால் பேட்டரி ட்ரில் தேவைப்படும். என்னிடம் ஒன்று சும்மா இருக்கிறது. நான் உங்கள் பக்கத்து மார்சிலிங்கில்தான். சனிக்கிழமை காலை பத்து மணிக்குமேல் வந்தால் தருகிறேன், நேரம் இருந்தால் கூடவே வந்து சுவரையும் பார்த்துவிடுகிறேன்.