கையடக்க இண்டக்ஷன் ஹீட்டரில் பவர் வீணாகிறது, யோசனை சொல்லுங்கள்

துருப்பிடித்த நட்டைச் சூடாக்கிக் கழற்ற ஒரு கையடக்க இண்டக்ஷன் ஹீட்டர் செய்திருக்கிறேன்: 24 வோல்ட் பேட்டரி, இசட்விஎஸ் சர்க்யூட் (வோல்டேஜ் பூஜ்யமாகும் நேரத்தில் சுவிட்ச் ஆகும் வகை), ஐஆர்எஃப்பி260என் மாஸ்ஃபெட் (கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) இரண்டு. நட்டு சிவக்கிறது, சரி, ஆனால் அதற்குள் நட்டைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளான காயிலும் (coil) கொதிக்கிறது, அதன் உள்ளே ஒன்றும் இல்லாதபோதும் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கிறது. மாஸ்ஃபெட் மேல் உச்சமாக 75 வோல்ட்தான் வரும் என்பதால், ஆன் ரெசிஸ்டன்ஸ் (ஆன் ஆகியிருக்கும்போது உள்ள மின்தடை) குறைவான 100 வோல்ட் ரகத்துக்கு மாறலாமா, இல்லை அந்த இடைவெளி போதாதா? காயில் இப்போது தடித்த செம்புக் கம்பி. 100 கிலோஹெர்ட்ஸில் கரண்ட் மேலோட்டமாக 0.2 மி.மீ. ஆழத்தில்தான் ஓடுகிறது, அதனால் லிட்ஸ் வயர் (தனித்தனியே எனாமல் பூசிய மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பி) போட ஆசை, ஆனால் சிவந்த நட்டுக்குப் பக்கத்தில் அதன் எனாமல் தாங்குமா? அப்புறம், காந்தப்புலத்தைக் குவிக்கக் காயிலில் ஃபெரைட் (காந்தத்தன்மையுள்ள பீங்கான்) வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தண்ணீர் ஓடும் குழாய்க் காயில் மட்டும் வேண்டாம், காருக்கு அடியில் படுத்துக்கொண்டு பம்பையும் இழுக்க முடியாது.