பகல் சாப்பாடு என்று கேட்டு மாட்டிக்கொண்டவர்கள்

நுவரெலியாக்காரி
இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் போசாக்குப் படிவம் நிரப்பப் போயிருந்தேன். பகல் கொழுந்து நிறுவை முடிந்த நேரம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், "பகல் சாப்பாடு ஆச்சா?" என்றேன். "இல்ல புள்ள, இன்னைக்கு சாப்பிடல." 'இல்லை' என்று கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தால், அவர் விரலில் சம்பல் சிவப்பு இன்னும் காயவில்லை. இடுப்பில் கட்டும் படங்கின் மேல் பாதி ரொட்டி, விரல் தடிப்பில். "இதென்ன அக்கா?" "இது ரொட்டி புள்ள. சாப்பாடு ராவைக்குத்தான்." சோறு இறங்கினால்தான் அவருக்கு அது சாப்பாடு. அதற்குள் அந்த லயத்தில் ஆறு பேருக்குப் பேனாவால் 'இல்லை' போட்டு முடித்திருந்தேன்.

பண்டாரவளை பொடியன்
சென்னையில் மெஸ் ஒன்றில் "பகல் சாப்பாடு எத்தனை மணிக்கு அண்ணா?" என்று கேட்டேன். சாம்பார் வாளியோடு நின்றவர், "பகல்லதான் தம்பி" என்றார். மத்தியானம் என்று கேட்டிருக்க வேண்டுமாம்.

பழைய வாத்தியார்
எனக்கும் ஒன்று உண்டு. கல்யாண அட்டையில் 'மதிய போசனம்' என்று அடித்திருந்ததைத் திருத்தச் சொல்லி அச்சகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மதியம் என்றால் நிலா ஐயா! திருப்பாவை முதற் பாட்டிலேயே 'கதிர்மதியம் போல் முகத்தான்' என்று வருகிறது. மத்தியானம் வடமொழி 'மத்யாஹ்ன'. நம் சொல் நண்பகல். நள் என்றால் நடு, நள்ளிரவில் வருகிறதே, அதே நள். தம்பி மெஸ்ஸிலும் நண்பகல் உணவு என்றே கேட்டிருக்கலாம். பிள்ளைகளுக்கும் வீட்டில் இன்றே பழக்குங்கள், அட்டை அடிக்குமுன் யாரிடமாவது காட்டுங்கள்.

நுவரெலியாக்காரி
சேர், நண்பகல் உணவு என்று கேட்டிருந்தாலும் அந்த அக்கா 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பார். சிக்கல் பகலில் இல்லை, சாப்பாட்டில். இப்போதெல்லாம் "பகலைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்கிறேன். ரொட்டி, கிழங்கு எல்லாம் தானாக வருகிறது.

பண்டாரவளை பொடியன்
சேர், சோற்றுப் பொதி சுற்றும் லன்ச் சீட்டுக்கு என்ன சொல்வீர்கள்? 2017இல் இலங்கையில் பொலித்தீன் சீட்டைத் தடை செய்தும் பெயர் போகவில்லை. எங்கள் சந்திக் கடையில் ராத்திரிச் சோற்றையும் லன்ச் சீட்டில்தான் கட்டுகிறார்கள்.