ஒண்ணு செத்தா எல்லாம் காலி: ஏ.ஐ.ஓ. போர்டு வாங்கிச் சூடு பட்ட கதைகள்

கொருக்குப்பேட்டை மாடி:

சின்ன எஃப்.பி.வி. ட்ரோனுக்கு (கேமரா படத்தைப் பார்த்து ஓட்டறது) ஏ.ஐ.ஓ. போர்டு, அதாவது எல்லாம் ஒரே போர்டுல இருக்கற வகை, வாங்கினவங்க உங்க அனுபவத்தைக் கொட்டுங்க. அடுத்த போர்டு வாங்கறதுக்கு முன்னாடி நாலு பேர் கதையைக் கேட்டுக்கலாம்னு இருக்கேன். என் கதை முதல்ல.

என்கிட்ட இருக்கறது 65 மில்லிமீட்டர் வூப் (ப்ராப்பைச் சுத்தி வளையம் வெச்ச குட்டி ட்ரோன்), 1எஸ், அதாவது ஒரே செல் பேட்டரி. எங்களோடது வரிசை வீடு. நடுவுல ஒரு நடை, மேல துணிக்கொடி, கடைசியில தண்ணி ட்ரம். ஓட்டறது அந்த நடையிலதான். முதல் போர்டு எஃப்411 சிப் வெச்சது, அதுலயே இ.எல்.ஆர்.எஸ். (ரிமோட்டோட பேசற ரேடியோ முறை) ரிசீவர், எஸ்.பி.ஐ. வகை. அதுன்னா என்னன்னு அப்ப தெரியாது. ரிமோட்டை இ.எல்.ஆர்.எஸ். மூணாம் பதிப்புக்கு மாத்தினேன், அன்னையிலேருந்து பைண்ட் ஆகல, ரிமோட்டும் ரிசீவரும் சேரவே இல்ல. ரெண்டு ராத்திரி பட்டனை அமுக்கி அமுக்கி விரல் வீங்கினதுதான் மிச்சம்.

விஷயம் என்னன்னா, எஸ்.பி.ஐ. ரிசீவருக்குத் தனியா மூளை கிடையாது. அதோட சாஃப்ட்வேர் பீட்டாஃப்ளைட்டுக்குள்ளயே (ட்ரோனைப் பறக்க வைக்கிற சாஃப்ட்வேர்) இருக்கு. என் போர்டுல 4.3.0, அது இ.எல்.ஆர்.எஸ். ரெண்டாம் பதிப்பு மட்டும்தான் பேசும். 4.3.1 போட்டாத்தான் மூணு. சரின்னு ஃப்ளாஷ் பண்ணேன், பைண்ட் ஆச்சு. ஆனா பழைய செட்டிங்கை டம்ப் (நகல்) எடுத்து வைக்கல. ப்ராப் வெளிப்பக்கமா சுத்தறதுக்கான செட்டிங் அழிஞ்சுபோச்சு. த்ராட்டில் கொடுத்ததும் பம்பரமா சுத்திக்கிட்டே போய் ட்ரம்முக்குள்ள விழுந்தது. அம்மா கேட்ட ஒரே கேள்வி: "குடிக்கிற தண்ணியிலயா?"

காசிமேடு காத்து:

தலைவா, உனுக்குத் தண்ணின்னா எனுக்கு உப்பு. நம்ம மாடியிலேர்ந்து பார்த்தா மீன்புடி போட்டு நிக்கிறது தெரியும், அவ்ளோ கிட்ட. மூணு மாசம் நல்லா பறந்துச்சு. அப்புறம் ஒரு மோட்டார் மட்டும் திக்கித் திக்கி ஓடுச்சு. மோட்டார மாத்தினேன், அப்பவும் அதே கதை. லென்ஸ் வெச்சுப் பார்த்தா ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்தறது) சிப்போட காலுங்களுக்கு நடுவுல பச்சையா பூத்துக் கெடக்குது. தண்ணி பட்டதே இல்ல, வெறும் கடக்காத்து.

இப்ப புது போர்டு வந்தா பறக்கவுடறதுக்கு முன்னாடி ஐ.பி.ஏ. (சுத்தம் பண்ற ஆல்கஹால்) ஊத்தி பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால கழுவி, காயவுட்டு, கன்பார்மல் கோட்டிங் (ஈரம் படாம காக்கிற பூச்சு) ரெண்டு தடவ. யூ.எஸ்.பி. வாய், பூட் பட்டன், கேமரா சாக்கெட் மேல படக்கூடாது. பாரோமீட்டர் இருந்தா அதோட ஓட்டை மேலயும் படக்கூடாது. எங்க அடிச்சோம், எங்க வுட்டோம்னு கண்ணுக்குத் தெரியாது. அந்த கோட்டிங் பெரும்பாலும் யூ.வி. வெளிச்சத்துல நீலமா மின்னும். எங்க மாமா மீன் ஏலத்துக்கு எடுத்துட்டுப் போற கள்ளநோட்டு பார்க்கிற லைட் இருக்குது, ராத்திரி அத்த அடிச்சுப் பார்ப்பேன். மின்னாத இடத்துல இன்னொரு தபா.

வியாசர்பாடி ரிப்பேர்:

நான் மொபைல் சர்வீஸ் பண்றவன். பசங்க கொண்டாந்து கொடுக்கிற ஏ.ஐ.ஓ. போர்டுல பத்துக்கு எட்டு ஈ.எஸ்.சி. மாஸ்ஃபெட் (மோட்டாருக்குப் போற கரண்ட்ட தொறந்து மூடற சிப்பு) போனதுதான். எல்லாரும் சொல்றது "அண்ணா, ஆம்பியர் பத்தல, அடுத்தது பெருசா வாங்கறேன்." பத்தாம போனது ஆம்பியர் இல்லப்பா, பொறுமை.

போன பொங்கலுக்கு ஒரு பையன் 75 மில்லிமீட்டர் வூப் கொண்டாந்தான். 12 ஆம்பியர் போர்டு, 1எஸ். அந்த சைஸுக்கு அது தாராளம். மாடியில மாஞ்சா நூல் கிடந்திருக்கு (தடை போட்டும் எங்க ஏரியா மாடியில அது இல்லாத நாள் ஏது?), மோட்டார் தண்டுல சுத்திக்கிச்சு. தலைகீழா விழுந்தது. கீழ எறங்கிப் போய் எடுக்கச் சோம்பல்பட்டு டர்ட்டில் மோடு போட்டுத் திருப்பப் பார்த்திருக்கான். சுத்த முடியாத மோட்டாருக்குக் கரண்ட்ட தள்ளினா அது எங்க போகும்? சூடாத்தான் போகும். 20 ஆம்பியர் வாங்கியிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு எரிஞ்சிருக்கும். விழுந்தா உடனே டிஸ்ஆர்ம் பண்ணி மோட்டார நிறுத்து, நடந்து போய் எடு.

நாலுல எது போச்சுன்னு நீங்களே பார்க்கலாம். பேட்டரிய கழட்டிட்டு, மல்டிமீட்டர ஓம்ஸ்ல வெச்சு, கிரவுண்டுலேர்ந்து ஒவ்வொரு மோட்டார் பேடையும் (ஒயர் ஒட்டற இடம்) தொட்டுட்டு வாங்க. மோட்டாருக்கு மூணுன்னு பன்னெண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி காட்டணும். ஒண்ணு மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்தா அதுதான். பாசிட்டிவ் பக்கத்துலேர்ந்தும் அதே மாதிரி ஒரு சுத்து. ஹாட் ஏர் வெச்சு மாத்திடலாம். ஆனா ஒரு அரிசி மணிய விட சின்ன சமாச்சாரம் அது, பக்கத்து சிப்பு நகர்ந்துட்டா என்னைக் கேக்கக் கூடாது.

தண்டையார்பேட்டை:

அண்ணா சொன்ன ஈ.எஸ்.சி. போனா அந்த சிப்பை மாத்தறதைத் தவிர வெளியிலேர்ந்து ஒண்ணு ஒட்டற வழி கிடையாது. மத்ததுக்கு உண்டு, ஆனா வாங்கறப்பவே பார்க்கணும்.

எனக்குச் செத்தது வீடியோ ட்ரான்ஸ்மிட்டர். அதுவும் போர்டுலயே இருக்கிற மாடல் என்னோடது. மே மாசம், மேசை மேல வெச்சு பீட்டாஃப்ளைட் செட்டிங் பார்த்துட்டிருந்தேன், பேட்டரியும் சொருகியிருந்தது. கரண்ட் போய் ஃபேன் நின்னதை நான் கவனிக்கலை, லேப்டாப் ஓடிட்டுதானே இருக்கு. பறக்கும்போது ப்ராப் காத்துதான் அதுக்கு ஃபேன். கால் மணி நேரத்துல படம் கோடு கோடா வந்து, அப்புறம் ஒண்ணுமில்லை. ஆண்டெனா மாட்டாம பவர் கொடுக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க, சூட்டைப் பத்தி யாரும் சொல்றதில்லை.

ரிசீவர், ஈ.எஸ்.சி., ஜைரோ (ட்ரோன் சுழல்றதை உணர்ற சிப்பு) எல்லாம் நல்லாதான் இருந்தது. தனியா ஒரு வி.டி.எக்ஸ்., அதான் வீடியோ ட்ரான்ஸ்மிட்டர், வாங்கி ஒட்டலாம்னு பார்த்தா அந்த போர்டுல வீடியோ அவுட் பேடே இல்லை. டிஜிட்டல் வீடியோவுக்கு மாறலாம்னா அதுக்கு ஒரு யூஆர்ட் (வெளிக் கருவியோட பேசற சீரியல் இணைப்பு) வேணும், காலியா ஒண்ணுகூட வெளிய எடுத்து விடலை. ஒரு நல்ல போர்டு டப்பாவுல தூங்குது.

அதனால நான் இப்ப முதல்ல திறக்கிறது பேடு வரைபடம். ரிசீவர் செத்தா வெளியிலேர்ந்து ஒண்ணு ஒட்ட முழு யூஆர்ட் இருக்கா, வீடியோ பேடு இருக்கா, 5 வோல்ட் எவ்வளவு தரும். எஃப்411 போர்டுல பெரும்பாலும் ரெண்டு யூஆர்ட்தான் கிடைக்கும். எஃப்405, எஃப்722ல கொஞ்சம் தாராளம். ஜைரோ பி.எம்.ஐ.270ஆ ஐ.சி.எம்.42688ஆன்னு நடக்கிற சண்டையில எனக்கு அக்கறை இல்லை, நான் ஓட்டற ஓட்டுக்கு ரெண்டுமே அதிகம்.

கொருக்குப்பேட்டை மாடி:

அக்கா, இதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். அப்ப எஸ்.பி.ஐ. ரிசீவர் வேண்டவே வேண்டாமா?

தண்டையார்பேட்டை:

வேண்டாம்னு சொல்ல மாட்டேன், எடை குறையும், விலையும் குறைவு. ஆனா யூஆர்ட்ல ஓடற ரிசீவர்னா வைஃபைலயே தனியா அப்டேட் பண்ணிக்கலாம், ஃப்ளைட் கன்ட்ரோலரைத் தொடவே வேண்டாம். உங்க தண்ணி ட்ரம் தப்பிச்சிருக்கும்.

காசிமேடு காத்து:

வெளிநாட்டுலேர்ந்து ரெடிமேட் ட்ரோன் தருவிக்கலாம்னு யாரும் எறங்காதீங்க. 2022 பிப்ரவரிலயே இறக்குமதிக்குத் தடை போட்டாச்சு. பாகத்துக்குத் தடை இல்ல, போர்டு தனியா வரும். பறக்கவுடறதுக்கு முன்னாடி டிஜிட்டல் ஸ்கை மேப்ப (எங்க பறக்கவுடலாம்னு காட்டற அரசாங்க மேப்பு) பாருங்க. துறைமுகம், அனல்மின் நிலையம், மணலி ஆலைன்னு நம்மள சுத்தி இருக்கறது எல்லாம் பெரிய எடம். 250 கிராமுக்கு உள்ள இருந்தாலும் எங்க வேணா ஏத்தலாம்னு அர்த்தமில்ல.

வியாசர்பாடி ரிப்பேர்:

இன்னொண்ணு. 2எஸ், 3எஸ் போர்டு சால்டர் பண்ணி முடிச்சதும் பேட்டரிய நேரா சொருகாதீங்க. பாசிட்டிவ் ஒயர்ல பைக் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு தொடரா மாட்டிச் சொருகுங்க. மினுக்குன்னு எரிஞ்சு மங்கினா நல்லது. பளிச்சுன்னு எரிஞ்சுட்டே இருந்தா எங்கயோ ஷார்ட், கழட்டிடுங்க. பல்பு இல்லாம சொருகியிருந்தா அது போர்டுலேர்ந்து புகையா வந்திருக்கும்.

கொருக்குப்பேட்டை மாடி:

எத்தனை வாட் பல்பு அண்ணா?

வியாசர்பாடி ரிப்பேர்:

12 வோல்ட், 10 வாட். எல்.இ.டி. கொடுப்பான், வாங்கிடாத. பழைய கம்பி பல்புன்னு கேளு.