புதுக் காரின் பாலித்தீன் உறையை எப்போது கழற்றலாம்?

கேள்வி: கார் வாங்கி மூன்று மாதம் ஆகியும் இருக்கை உறையைக் கழற்ற அப்பா சம்மதிக்காததால், பாளையங்கோட்டை வெயிலில் இறங்கும்போதெல்லாம் அது முதுகோடு ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: 2014-இல் தயாரிப்பு நின்றுபோன மாருதி 800-ஐ இன்னமும் ஓட்டும் என் மாமா, எலி கடித்துக் குதறிய பிறகுதான் உறையைக் கழற்றினார், அதையும் மடித்துப் பரணில் வைத்திருக்கிறார். பொறுமை வேண்டும், அண்ணாச்சி.

பதில் 2: வேடிக்கை இருக்கட்டும். சில கார்களில் பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கைக்குள்ளேயே இருப்பதால், விபத்தின்போது அது விரிவதை உறை தடுக்கக்கூடும் என்று அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்: சொன்னேன். முன் இருக்கைகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது; டவுனில் அல்வா வாங்கிவரும்போது நெய் கசியும் என்பதால், பின் இருக்கை உறை மட்டும் அப்படியே இருக்க வேண்டுமாம்.