சர்ச் பங்குல இருந்து ஹோம், ட்ரஸ்ட் மாதிரி இடங்களுக்கு உருப்படியா என்ன செய்யலாம்? (பாம்பன் பக்கம்)

பாம்பன்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாம்பன் பக்கத்துல ஒரு கடலோர ஊரு, எங்க பங்குல இளையோர் குழுவுல இருக்கேன். போன வாரம் அன்பியக் கூட்டத்துல (பங்குல பக்கத்து பக்கத்து வீட்டுக்காரங்க சேந்து ஜெபிக்கிற சின்னக் குழு) ஃபாதர் ஒண்ணு சொன்னாரு, திருவிழாவுக்கு வெடி, லைட்டு, மேடைன்னு செலவழிக்கிறோம்ல, அதுல கொஞ்சத்த ஒதுக்கி ராமநாதபுரம், ஏர்வாடி பக்கம் இருக்க முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளி பிள்ளைங்க ஹாஸ்டல், மனநலம் பாதிச்சவங்கள வச்சு பாக்குற இடம், இதுல ஏதாவது ஒண்ணு ரெண்டோட சேந்து வருஷம் முழுக்க ஏதாச்சும் செய்ங்கப்பான்னு. நல்ல விஷயம்தான். ஆனா என்ன செய்யறதுன்னு பேச ஆரம்பிச்சதும் ஆளாளுக்கு ஒண்ணு. பாடகர் குழு அக்காமாரு கிறிஸ்மஸுக்கு போயி பாட்டு பாடி கேக் குடுப்போம்ங்குறாங்க, பெருசுங்க ஒரு அண்டா பிரியாணி போட்டுட்டு வந்துருவோம்ங்குறாங்க, எங்க செட்டு பசங்க பழைய டிரஸ் கலெக்‌ஷன்ங்குறானுங்க. ஒரு ஆத்தா பிடியரிசி (வீட்டுக்கு வீடு உலை வைக்கிறப்போ ஒரு பிடி ஒதுக்கி சேக்குற அரிசி) எடுப்போம்னு சொல்லிச்சு, அது எனக்கு பிடிச்சிருந்துச்சு.

எங்க நெலமையும் சொல்லிடுறேன். பாதிப்பேரு போட்டுக்கு போறவங்க, மாசாமாசம் இவ்ளோன்னு காசு வர்ற பொழப்பு இல்ல. பொம்பளைங்க சிலபேரு கடல்பாசி எடுக்க போறாங்க, சிலபேரு மீன் கம்பெனி. மீன்பிடி தடைக்காலம் வந்தா 61 நாளு கையில எதுவுமே இருக்காது. இதுல நாங்க என்ன செஞ்சா அவங்களுக்கு நெஜமாவே உபயோகமா இருக்கும்? காசு குடுக்குறதா இருந்தா எத பாத்து குடுக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

விசைப்படகு ராசா:

மாப்ள மொத அந்த பழைய டிரஸ் ஐடியாவ ஆழ்கடல்ல கொண்டு போய் போடு. கஜா புயல் சமயத்துல வேதாரண்யம் பக்கம் லாரில மூட்டை கட்டிக்கிட்டு போனோம், அங்க ஏற்கனவே ரோட்டு ஓரமா துணி மலை மாதிரி நனைஞ்சு கிடக்கு, எடுக்க நாதி இல்ல.

நான் சொல்றது வேற. தடைக்காலத்துல (ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14) காசு இல்லதான், ஆனா ஆளு கரையில இருக்கோம்ல. போட்ட ஏத்தி வேல பாக்குற நாள் போக மிச்ச நாள்ல நம்ம ஊர்ல இல்லாத கைவேலையா, டீசல் மெக்கானிக் இருக்கான், வெல்டர் இருக்கான், ஆசாரி இருக்கான், பெயிண்ட் அடிக்க எல்லாருக்குமே தெரியும். எங்க பக்கம் ஒரு ஹாஸ்டல்ல தண்ணி மோட்டாரு ரிப்பேராகி பிள்ளைங்க குடத்துல தூக்கிட்டு இருந்துச்சுங்க, கம்பெனிக்காரன வரச்சொன்னா காசு கேப்பான்னு வாடனம்மா அப்படியே வச்சிருந்துச்சு. எங்க போட்டு டிரைவரு போயி மத்தியானத்துக்குள்ள ஓட்டி விட்டுட்டாரு. பாத்ரூம்ல பிடிச்சு நடக்க கம்பி, வீல்சேர் ஏற சரிவு, உப்புக்காத்துல துருப்பிடிச்ச கட்டிலு, இதெல்லாம் நம்மாளுக்கு ஒரு வேலையே கிடையாது. சாமான் காசு மட்டும் பங்குல இருந்து குடுங்க, கூலி வேணாம்.

இல்லத்து அக்கா:

தம்பி, நான் ராமநாதபுரம் பக்கம் ஒரு ஹோம்ல ரொம்ப வருஷமா வேல பாக்குறேன், பேரு வேணாம். வயசானவங்களும் மனநலம் பாதிச்சவங்களும் சேந்து இருக்க இடம். ராசா அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. மிச்சத்த நான் சொல்றேன், கொஞ்சம் பெருசா போகும், பொறுத்துக்கங்க.

சாப்பாடு போடறவங்க இருக்காங்க தம்பி, நெறையவே இருக்காங்க. பொறந்தநாளு, நெனவுநாளு, கல்யாணநாளு, ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு பேரு போட்டி போடுவாங்க. கிறிஸ்மஸ் வாரம் கேக்க வைக்க எடமிருக்காது, அதுல பாதிப்பேருக்கு சுகரு. பிரியாணி ரெண்டு மணிக்கு வரும், இங்க பன்னெண்டரைக்கே சாப்பிட்டு மாத்திரை போடணும், அதுங்க பசியில தட்ட வச்சுக்கிட்டு கேட்ட பாத்துட்டு உக்காந்திருக்கும். அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழையில, ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ் நேரத்துல எட்டிப் பாக்க ஆளு இருக்காது. சோறு போடணும்னு ஆசையா இருந்தா தப்பே இல்ல, எந்த நாள் காலியா இருக்குன்னு எங்கள கேட்டுட்டு அந்த நாள எடுத்துக்கங்க, அவ்ளோதான்.

எங்களுக்கு உண்மையிலேயே இல்லாதது ஆளு. ஒருத்தர ஜி.எச்சுக்கு கூட்டிட்டு போனா ஓ.பி. சீட்டுக்கு ஒரு க்யூ, டாக்டர்ட்ட ஒரு க்யூ, ரத்தம் குடுக்க ஒண்ணு, மாத்திரை வாங்க ஒண்ணு, அன்னைக்கு ஒரு ஸ்டாஃப் மத்தியானம் வரைக்கும் காலி. இங்க மிச்சம் இருக்குறது ரெண்டு பேரு, அவங்க எத்தனை பேர குளிப்பாட்டுறது. உங்க பங்குல ஒருத்தரு மாசத்துல ரெண்டு செவ்வாய்க்கிழமை வந்து க்யூவுல நின்னா போதும், எங்களுக்கு அது சம்பளம் இல்லாத ஒரு ஸ்டாஃப். அதவிட பெருசு, யாரையாச்சும் அட்மிட் போட்டா ராத்திரி கூட ஆளு இருக்கணும்பாங்க. பெத்த பிள்ள இல்லாதவங்களுக்கு நாங்க எங்க போறது? ராத்திரி துணைக்கு படுக்க ஒரு நாலஞ்சு பேரு நம்பர் எங்கிட்ட இருந்தா, நான் உங்க ஃபாதருக்கு தினம் ஜெபமால சொல்லுவேன்.

அப்புறம் பேப்பர் வேல. ஆதார்ல கைரேக விழாது, மாற்றுத்திறனாளி அட்டைக்கு ஆன்லைன்ல போடணும், காப்பீட்டுத் திட்ட கார்டுக்கு கலெக்டர் ஆபீசு போகணும். உங்க இளையோர் குழுவுல காலேஜ் முடிச்ச பிள்ளைங்க போன நோண்டிக்கிட்டுதான இருக்கும், அதுல ரெண்ட இதுக்கு அனுப்பி விடுங்க.

சொல்ல சங்கடமா இருக்கு, ஆனாலும் சொல்றேன். இங்க யாருமில்லாதவங்க செத்துப்போனா தூக்க நாலு பேரு வேணும். வார்டு பாய், டிரைவரு, சமையல்காரரு, அதுக்கு மேல ஆளு கிடையாது. போலீசுக்கு சொல்லணுமா, எந்த சுடுகாடு, எந்த கல்லறைன்னு நாங்க பாத்துக்குவோம். அவங்க எந்த மதமோ அந்த முறைப்படி செஞ்சிருவோம். பங்குல இருந்து பத்துப்பேரு வந்து கூட நடந்தீங்கன்னா அதுக்கு மேல ஒரு உதவி இருக்குன்னு எனக்கு தோணல.

பிடியரிசி பத்தி: எல்லா வீட்டு அரிசியும் ஒரே மூட்டைல கொட்டி குடுத்துருவாங்க, ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி எல்லாம் ஒண்ணா கலந்து வரும், ஒண்ணு கொழஞ்சிரும் ஒண்ணு வேகாது, இட்லிக்குத்தான் ஆகும். பூச முடிஞ்சு கோயில்ல கோழி, முருங்கக்காய் எல்லாம் ஏலம் விடுவீங்கள்ல, அதுமாதிரி அரிசியையும் ஏலம் விட்டு காச குடுங்க. இல்லன்னா பெரியவங்க டயப்பரு, ரப்பர் ஷீட்டு, ஃபினாயிலு, நாப்கின். யாரும் குடுக்காத சாமான் இதுதான், மாசம் முடியுறதுக்குள்ள தீந்து போறதும் இதுதான்.

கடைசியா ஒண்ணு. ஜெபம் பண்ணுங்க, கேட்டுட்டு பண்ணுங்க, இங்க இந்து முஸ்லிம் எல்லாரும் இருக்காங்க. "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு"ன்னு மட்டும் எவரும் பேசிறாதீங்க. நீங்க பேசிட்டு போயிருவீங்க, மறுநாள் ஒரு புள்ள மாத்திரைய துப்பும், பத்து நாள்ல அது படுற பாட்ட நாங்கதான் பாக்கணும்.

தொண்டி பெருசு:

இல்லத்து அக்கா சொன்னத ரெண்டு தடவ படிங்க எல்லாரும்.

நான் வின்சென்ட் தே பவுல் சபைல (ஏழைங்களுக்கு உதவுற கத்தோலிக்க சபை) இருக்கேன் தம்பி. 1833ல பாரிஸ்ல ஓசானாம்னு ஒரு காலேஜ் பையன், இருபது வயசு, கூட்டாளிகளோட சேந்து ஆரம்பிச்சது, அப்ப அவனுக்கு உங்க செட்டு வயசுதான். அதுல பழைய பழக்கம் ஒண்ணு, எங்க போனாலும் ரெண்டு ரெண்டு பேரா போறது, பெரிய கூட்டமா இல்ல. நீங்களும் அப்படியே போங்க. முப்பது பேரு வேன்ல இறங்கி செல்ஃபி எடுத்துட்டு வர்றது அவங்களுக்கு வேடிக்க, ஒரே ரெண்டு பேரு மாசாமாசம் வந்தா பேரு சொல்லி கூப்புடுவாங்க. வர முடியாத மாசம் போன் பண்ணி சொல்லிடணும், அங்க ஒரு ஆத்தா நீ வருவேன்னு தல சீவிக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கும்.

பிள்ளைங்க இருக்க ஹோமுக்கு போனா கண்டிப்பா போட்டோ போடாதீங்க. 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல 74வது பிரிவு, பராமரிப்புல இருக்க பிள்ள யாருன்னு தெரியறமாதிரி வெளியிட்டா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு இல்லன்னா ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட போடலாம். ஸ்டேட்டஸ் வச்சாலும் பிரச்சனைதான். பிள்ளைங்கள தனியா எங்கயும் கூட்டிட்டு போறதும் வேணாம், எப்பவும் அவங்க ஸ்டாஃப் ஒருத்தரு கூட இருக்கட்டும். ஏதாச்சும் தப்பா கண்ணுல பட்டா சத்தம் போடாம குழந்தைங்க உதவி எண் 1098க்கு போன் அடிங்க.

எந்த ஹோமுன்னு தேர்ந்தெடுக்குறப்போ பதிவு பண்ணியிருக்கான்னு கேளுங்க, கேக்க கூச்சப்படாதீங்க. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடில நடந்தது நம்ம மாவட்டத்துக்காரன் எவனுக்கும் மறக்காது, கொட்டகை தீப்பிடிச்சு சங்கிலில கட்டிப்போட்டிருந்தவங்க 28 பேரு செத்துப்போனாங்க. இப்ப 2017 மனநலச் சட்டத்துல பதிவு இல்லாம இடம் நடத்தக் கூடாது. உங்க மறைமாவட்டத்துக்கும் ஒரு சமூகப்பணி மையம் இருக்கு, ஃபாதர்கிட்ட கேட்டா நம்பர் குடுப்பாரு, எது ஒழுங்கா நடக்குற இடம்னு அவங்களுக்கு தெரியும்.

கணக்குப்புள்ள:

காசு கேட்டீங்கல்ல ப்ரோ, நான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், அந்த பக்கம் மட்டும் சொல்றேன்.

ரசீது வாங்காம ஒத்த ரூவா குடுக்காதீங்க. ட்ரஸ்ட்டுக்கு 80ஜி இருந்தா குடுக்குறவங்களுக்கு வரி சலுகை உண்டு, ஆனா 2000 ரூவாக்கு மேல ரொக்கமா குடுத்தா அந்த சலுகை கிடையாது, அதனால பேங்க்ல போடுங்க. புது வரி முறைல இருக்கவங்களுக்கு 80ஜி செல்லவும் செல்லாது, இது தெரியாம டீச்சருங்க எல்லாம் ரசீது எடுத்துட்டு வந்து எங்கள பாடாபடுத்துறாங்க.

உங்க பக்கம் முக்கியமா இது. சவூதி, துபாய்ல வேல பாக்குற நம்ம பசங்க இந்திய பாஸ்போர்ட்டு வச்சிருந்தா, சொந்த சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்புறது வெளிநாட்டுப் பணம் கணக்குல வராது, தாராளமா வாங்கலாம். ஆனா கனடா, இலண்டன்ல குடியுரிமை வாங்குன சொந்தக்காரங்க அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத ஹோமு அத தொடக்கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி எஸ்.பி.ஐ மெயின் பிராஞ்சுல இருக்க அக்கவுண்டுக்குத்தான் வரணும். "எங்க மாமா அனுப்புறாரு, உங்க அக்கவுண்ட்ல போடுறேன்"னு நல்ல எண்ணத்துல போட்டு ஹோம மாட்டி விட்டுறாதீங்க. பங்கு அக்கவுண்ட்ல வாங்கி மாத்தி விடுறதும் அதேதான்.

இன்னொண்ணு, மொத்தமா ஒரு தடவ அம்பதாயிரம் குடுக்குறதவிட மாசம் மூவாயிரம் தவறாம வந்தா அவங்க அத நம்பி ஒரு கரண்ட் பில்லயோ மருந்து கடை பாக்கியயோ கட்டுவாங்க. மாசம் நம்மளால முடியாதுன்னா ஜூன்ல தடைக்காலம் முடிஞ்சு மொத ரெண்டு மூணு வாரம் மீன்பாடு நல்லா இருக்கும்ல, அப்ப போட்டுக்கு இவ்ளோன்னு பிடிச்சு பங்குல வச்சுக்கிட்டு மாசாமாசம் பிரிச்சு அனுப்புங்க.

விசைப்படகு ராசா:

போட்டுக்கு இவ்ளோன்னு சொல்றப்போ ஓனரு பங்குல பிடிங்கய்யா, ஆளுக பங்குல கை வைக்காதீங்க 😄

பாம்பன்காரன்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அக்கா நீங்க எழுதுனத அப்படியே பிரிண்ட் எடுத்து கூட்டத்துல வாசிச்சேன். பிரியாணி கோஷ்டி கொஞ்சம் மொறைச்சாங்க, ஆனா ராத்திரி துணைக்கு படுக்குற விஷயத்துக்கு ஆம்பளைங்க அஞ்சு பேரு, பொம்பளைங்க மூணு பேரு கை தூக்குனாங்க, அதுல ரெண்டு பேரு பிரியாணி கோஷ்டிதான். போட்டுக்கு போற அன்னைக்கு ஆம்பளைங்க வர முடியாது, அத எப்படி சமாளிக்கிறது? அப்புறம் பாடகர் குழு அக்காமாருக்கு மனசு உடஞ்சு போச்சு, அவங்களுக்கு ஏதாச்சும் சொல்லுங்க.

இல்லத்து அக்கா:

போட்டு கடலுக்கு போக டோக்கன் எடுக்குற நாள் உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல தம்பி, கரையில இருக்க நாள மட்டும் பேருக்கு நேரா எழுதி குடுங்க, மிச்ச நாளுக்கு நான் வேற ஆள வச்சுக்கிறேன். பொம்பளைங்க வார்டுல பொம்பளைங்கதான் படுக்கணும், அதனால மூணு பத்தாது, அந்த ஆத்தாவயும் கேளுங்க.

பாட்டு வேணாம்னு நான் சொல்லவே இல்லயே! கிறிஸ்மஸுக்கு மட்டும் வேணாம்னுதான். நவம்பர் மழையில ஒரு புதன்கிழம வாங்க, மைக் செட்டு இல்லாம, சத்தம் கூடுனா சிலபேருக்கு பயம் வந்துரும். மாதா பாட்டும் பாடுங்க, பழைய சினிமா பாட்டும் பாடுங்க, அதுக்குத்தான் இங்க கூட்டம் ஜாஸ்தி. சனிக்கிழம வராதீங்க, அன்னைக்கு முடி வெட்டி எண்ணெ தேச்சு குளிப்பாட்டுற நாளு. வர்றவங்க ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, ரெஜிஸ்டர்ல ஒட்டணும்.