உதவி: அதே பட்டம், அதே காற்று. பனியில் மணிக்கு 70 கி.மீ., தண்ணீரில் 42. பெரிய பட்டம் போட்டும் வேகம் கூடவில்லை, ஏன்?

ஏரிக்கரை:
என்னிடம் 9 சதுர மீட்டர் பட்டம் இருக்கிறது, காற்று நிரப்பும் வகை. கோடையில் அது இழுக்க, ஏரியில் பலகைமேல் நின்று ஓட்டுவேன். ஏரி உறைந்ததும் ஸ்கேட் மாட்டிக்கொண்டு அதே பட்டம். காற்று மணிக்கு 28 கி.மீ. வீசும்போது ஜிபிஎஸ் தண்ணீரில் 42 காட்டுகிறது, பனியில் 70. பனியில் உராய்வு குறைவு என்பது எனக்கும் தெரியும், அதோடு முடித்துவிடாதீர்கள். வேகம் போதாமல் 12 சதுர மீட்டர் பட்டம் போட்டுப் பார்த்தேன். தண்ணீரில் அதே 42. பனியில் குறைந்தே போனது! இழுப்பு கூடினால் வேகமும் கூட வேண்டாமா?

உப்புக்காற்று:
பட்டத்தை வானத்தில் எட்டு போடுவது போல ஆட்டிக்கொண்டே ஓட்டுங்கள் சகோ. நல்ல இழுப்பு கிடைக்கும்.

கோணமானி:
அது கிளம்புவதற்குச் சரி. வேகம் பிடித்த பிறகு பட்டத்துக்கு வேண்டிய காற்றை உங்கள் ஓட்டமே தருகிறது, ஆட்டினால் நஷ்டம்தான். ஏரிக்கரை, இரண்டு விவரம் வேண்டும். உச்ச வேகம் எந்தத் திசையில் போகும்போது வந்தது? அப்போது கயிறு தரையோடு எத்தனை டிகிரியில் இருந்தது?

ஏரிக்கரை:
தடத்தைப் பார்த்தேன். காற்றுக்கு நேர் குறுக்காகப் போகாமல், காற்று போகும் பக்கமாகக் கொஞ்சம் சரிந்து போகும்போதுதான் உச்சம். தண்ணீரில் 40 டிகிரி போலச் சரிவு, பனியில் 25 போல. கயிறு இரண்டிலும் 45 இருக்கும்.

கோணமானி:
அப்படியானால் விடை உங்கள் தடத்திலேயே இருக்கிறது.

வேகம் ஏற ஏற, முகத்தில் அடிக்கும் காற்று முன்பக்கமாக நகர்ந்து வரும். இதுதான் தோற்றக் காற்று. அது எவ்வளவு முன்னால் வரலாம் என்பதற்கு எல்லை உண்டு. பட்டத்துக்குத் தூக்குவிசையோடு (தோற்றக் காற்றுக்குக் குறுக்காக இழுப்பது) பின்னிழுவையும் (அந்தக் காற்று போகும் பக்கமே இழுப்பது) இருப்பதால் அதன் இழுப்பு ஒரு கோணம் பின்தங்குகிறது. பக்கவாட்டில் தாங்கும் பலகைக்கும் பின்னிழுவை உண்டு, அதனால் இன்னொரு கோணம். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் நீங்கள் போகும் திசைக்கும் தோற்றக் காற்றுக்கும் இடையே உள்ள கோணம். பீட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்ச வேகம் என்பது காற்றின் வேகத்தை சைன் பீட்டாவால் வகுத்தால் வருவது. அந்த உச்சம் கிடைக்கும் திசையும் நேர் குறுக்கிலிருந்து பீட்டா அளவே சரிந்திருக்கும்.

தண்ணீரில் காற்றைப்போல் 1.5 மடங்கு போகிறீர்கள், பீட்டா 42 டிகிரி. பனியில் 2.5 மடங்கு, 24 டிகிரி. உங்கள் தடத்தில் 40, 25. இவ்வளவு பொருந்தும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

இந்தக் கணக்கில் பட்டத்தின் அளவு எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? பெரிய பட்டம் சீக்கிரம் உச்சத்துக்குக் கொண்டுபோகும், உச்சத்தை உயர்த்தாது. பனியில் குறைந்ததற்குக் காரணம், 12 மீட்டர் இழுப்பை உங்கள் எடை தாங்காமல் கைப்பிடிக் கம்பியை வெளியே தள்ளி, பட்டத்தைத் தளர்த்தி ஓட்டியிருப்பீர்கள். அப்போது தூக்குவிசை வெகுவாகக் குறையும், பின்னிழுவை அந்த அளவுக்குக் குறையாது. பீட்டா பெருத்துவிடும்.

இனி பீட்டாவைப் பிரிப்போம். கயிற்றையும் சேர்த்து உங்கள் பட்டத்தின் தூக்குவிசை பின்னிழுவையைப்போல் 4 மடங்கு என்று வைத்தால் 14 டிகிரி. ஆனால் கயிறு 45-ல் நிற்கும்போது தூக்குவிசையில் 0.7 பங்குதான் கிடைமட்டமாக உதவும், பின்னிழுவை மட்டும் முழுசாக இருக்கும். ஆக 14 என்பது 19.5 ஆகிறது. மீதி பனியில் 4-தான், அதிலும் பெரும்பகுதி உங்கள் உடம்பில் மோதும் காற்று. தண்ணீரில் மீதி 22.

கயிற்றை 20 டிகிரிக்கு இறக்குங்கள். பட்டத்தின் பங்கு 15 ஆகும். பனியில் கணக்குப்படி 86 வரை போகலாம். தண்ணீரில் 46, அவ்வளவுதான். அங்கே பட்டத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, பலகையை மாற்ற வேண்டும். ஹைட்ரோஃபாயில் (தண்ணீருக்குள் இருந்து பலகையைத் தூக்கும் இறக்கை) போட்டு அந்த 22 வெறும் 8 ஆனால், கயிறு 45-லேயே இருந்தாலும் 60 தொடலாம்.

ஏரிக்கரை:
அப்படியே ஃபாயிலை மேம்படுத்திக்கொண்டே போனால் தண்ணீரிலும் பனியை எட்டிவிடலாமா?

உப்புக்காற்று:
உங்கள் வேகத்தில் கவலை இல்லை. 100 கி.மீ. பக்கம் போனால் வேறு சிக்கல். ஃபாயிலின் ஒரு பக்கம் அழுத்தம் அவ்வளவு இறங்கி, தண்ணீர் குளிர்ந்த நிலையிலேயே ஆவியாகிக் குமிழி கட்டும். பிடிமானம் போய்விடும். பிரெஞ்சு வீரர் அலெக்சாந்தர் கேசெர்க் 2017-ல் பட்டத்தோடு 57.97 நாட், அதாவது 107 கி.மீ. தொட்டது ஃபாயில் இல்லாத பலகையில். 2012-ல் நமீபியாவின் வால்விஸ் பேயில் 65.45 நாட் போன செயில்ராக்கெட் 2 படகுக்கு, குமிழி கட்டினாலும் வேலை செய்யும்படி தனி வடிவில் ஃபாயில் செய்தார்கள்.

ஏரிக்கரை:
சரி, பனிக்கே வருகிறேன். 9 மீட்டரைத் தாழ்த்திப் பார்த்தேன். ஸ்கேட் பக்கவாட்டில் வழுக்குகிறது.

கோணமானி:
வழுக்கினால் அந்த 4 டிகிரி பெருத்துவிடும். முதலில் பிளேடைக் கூராக்குங்கள். அப்புறம் 7 மீட்டர் பட்டம் போடுங்கள், தாழ்த்திப் பிடித்தாலும் தாங்கும் இழுப்பாக இருக்கும். கிளம்பக் கொஞ்சம் தாமதமாகும், அங்கே உப்புக்காற்று சொன்ன எட்டு உதவும். உடம்பை நன்றாகக் குனியுங்கள். தலைக்கவசம் கட்டாயம், காற்று போகும் பக்கம் கரை தொலைவில் இருக்கட்டும். 80-ஐத் தாண்டி ஓடும்போது நிறுத்த வெகுதூரம் பிடிக்கும்.