முதல் 50 மீட்டர் நேரம் பட்டியலில் ஏறுமா? சீட்டு எங்கே?

காட்பாடிக்காரன்:
நேற்று வாலாஜா நண்பர் போட்டதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. போன மீட்டில் (நீச்சல் போட்டியில்) 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தினார். அதில் முதல் 50 மீட்டருக்கு வந்த 33.40 வினாடியை மட்டும் பிய்த்து எடுத்து, "45-49 வயதுப் பிரிவில் 50 மீட்டருக்கு இனி நான்தான் முதல் இடம், பட்டியலை மாற்றுங்கள்" என்கிறார். பழைய வடஆற்காடு மாஸ்டர்ஸ் (வயதில் மூத்த நீச்சல்காரர்கள்) வேகமான நேரங்களின் பட்டியலை ஆரம்பத்திலிருந்து எழுதி வருபவன் நான். அதனால் எனக்கு ஒரே ஒரு கேள்வி. ரெஃப்ரியிடம் முன்கூட்டியே சீட்டு எழுதிக் கொடுத்தீர்களா?

விதி புதிதல்ல. உலக நீச்சல் அமைப்பின் விதி அது; முன்பு ஃபினா, இப்போது வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ். நீண்ட பந்தயத்தின் நடுவே வரும் நேரத்தைச் சாதனையாகக் கேட்க வேண்டுமானால், அதைத் தனியாக எடுக்கச் சொல்லி நீந்துபவரோ அவருடைய கோச்சோ மேனேஜரோ ரெஃப்ரியிடம் குறிப்பாகக் கேட்டிருக்க வேண்டும். பந்தயத்தின் முழுத் தூரத்தையும் நீந்தி முடிக்க வேண்டும். கேட்டீர்களா? சீட்டு எங்கே?

வாலாஜா வேகம்:
முழுத் தூரமும் முடித்தேன். ரிசல்ட் தாளில் என் 100 மீட்டர் நேரம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ரெஃப்ரியிடமும் சொன்னேன். வார்ம்-அப் முடிந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மேசைக்கே போய், "சார், என் முதல் 50-ஐயும் எடுக்கச் சொல்லுங்கள்" என்றேன். தலையாட்டினார். "கேட்க வேண்டும்" என்றுதான் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சீட்டு என்ற சொல் அதில் எங்கே இருக்கிறது? அது நீங்களாகச் சேர்த்தது.

காட்பாடிக்காரன்:
தலையாட்டினாராம். அன்றைக்கு இருந்த சத்தத்தில் அவர் எதற்குத் தலையாட்டினாரோ! அவரிடம் கேட்டேன், நினைவில்லை என்கிறார். இதற்காகத்தான் சீட்டு. பெயர், லேன், ஹீட் (எத்தனையாவது சுற்று), தூரம் எழுதி, ரெஃப்ரி கையெழுத்தோடு ஸ்கோர் மேசைக்குப் போயிருக்க வேண்டும். சீட்டு இல்லை என்றால் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சத்துவாச்சாரி:
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் சொல்லும் விதி உலக சாதனை கேட்பவர்களுக்காக எழுதியது. நம் பட்டியலில் எது அதிகாரபூர்வ நேரம் என்று நாம் எங்கேயுமே எழுதி வைக்கவில்லை. அதை முதலில் முடிவு செய்யலாமே?

வாலாஜா வேகம்:
சீட்டு, சீட்டு, சீட்டு. ரேஷன் கடையா இது?

குடியாத்தம் கிணறு:
அந்த லேனில் வாட்ச் பிடித்தவர்களில் நானும் ஒருவன், அதனால் சொல்கிறேன். லேனுக்கு மூன்று வாட்ச். இரண்டு ஒரே நேரம் காட்டினால் அதுதான் நேரம். மூன்றும் வேறு வேறு என்றால் நடுவில் வருவது. ஒரு வாட்ச் கோளாறாகி இரண்டுதான் மிஞ்சியது என்றால் சராசரி. 100 மீட்டர் நேரத்தை இப்படித்தான் எடுத்தோம், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

50-க்கு ஸ்ப்ளிட் (இடைநேரம்) பட்டனை அழுத்தியது நான் ஒருவன்தான், அதுவும் பழக்கத்தில். மற்ற இருவருக்கும் யாரும் சொல்லவே இல்லை. குளம் 25 மீட்டர், அதனால் 50-ல் அவர் எங்கள் பக்கச் சுவருக்குத்தான் வந்தார். 50 மீட்டர் குளமாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் போயிருப்பார், யாருமே எடுத்திருக்க முடியாது. ஆனால் ஒன்று. முடிவில் கை சுவரில் படுவது நன்றாகத் தெரியும். குட்டிக்கரணம் போட்டுத் திரும்பும் ஃப்ளிப் டர்னில் சுவரைத் தொடுவது கால். பிளாக்குக்கு (குதிக்கும் மேடைக்கு) பக்கத்தில் குனிந்து பார்த்தாலும் குதிகால் மேலே வந்து விழுகிற நுரைதான் கண்ணில் படுகிறது. கால் பட்ட நொடி எது, அவர் உதைத்துக் கிளம்பிய நொடி எது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

வாலாஜா வேகம்:
பார்த்தீர்களா, டைம்கீப்பரே அழுத்தினேன் என்கிறார்! 33.40 என் கற்பனை இல்லை. நன்றி அண்ணே.

காட்பாடிக்காரன்:
ஒரே வாட்ச் என்றும் அவர்தானே சொல்கிறார்? அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? சீட்டு கொடுத்திருந்தால் மூன்று பேரும் அழுத்தியிருப்பார்கள். சீட்டு கேட்பதே அதற்குத்தான். மூலைக்குப் போய்க் காதில் சொல்லிவிட்டு வந்தால் லேனில் நிற்கிற மூன்று பேருக்கு எப்படித் தெரியும்?

ஆரணி பட்டு:
எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கலப்பு ரிலேயில் முதல் ஆளாக 50 மீட்டர் நீந்தினேன். என் வாழ்க்கையில் அதைவிட வேகமாக நீந்தியதில்லை. மூன்று வாட்சும் எடுத்தார்கள், பிளாக்கிலிருந்து முறையான ஸ்டார்ட். ரிலேயில் முதல் ஆளின் நேரம் செல்லும், ஆனால் ஆண் பெண் கலந்த ரிலேயில் செல்லாது என்று காட்பாடி அண்ணன் விதியைக் காட்டினார். மனசு வலித்தது. ஆனாலும் விதி என்று ஒப்புக்கொண்டேன். இப்போது வாலாஜாக்காரருக்கு மட்டும் ஒரே வாட்ச் நேரத்தைப் பட்டியலில் ஏற்றினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

வாலாஜா வேகம்:
அக்கா, உங்கள் கோபம் அண்ணன் மீது. அதை ஏன் என் தலையில் கட்டுகிறீர்கள்?

ஆரணி பட்டு:
என் கோபம் ஆளுக்கு ஒரு அளவுகோல் வைப்பதன் மீது.

காட்பாடிக்காரன்:
என்னிடம் ஒரே அளவுகோல்தான். அக்காவுக்கும் அதே, இவருக்கும் அதே. என் தம்பி மகனையே வயது பிரிவில் மாற்றிப் போட்டேன், வீட்டில் எவ்வளவு பேச்சு வாங்கினேன் தெரியுமா? மாஸ்டர்ஸில் வயது அந்த ஆண்டு டிசம்பர் 31-ல் என்ன என்றுதான் பார்க்க வேண்டும். நவம்பரில்தான் அடுத்த பிரிவு வயதைத் தொடுகிறவன் ஜனவரியில் நீந்தினாலும் மேல் பிரிவுதான். அவனுக்கு அது பிடிக்கவில்லை. மாற்றினேனா இல்லையா?

வாலாஜா வேகம்:
நீங்கள் நேர்மையானவர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2019-ல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்களின் பெயர் உங்கள் பட்டியலில் எத்தனை இடத்தில் ஏறியிருக்கிறது? வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி என்றால் அன்றைக்கே ஏறுகிறது. வாலாஜா, ஆற்காடு என்றால் சீட்டு.

காட்பாடிக்காரன்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். விதியில் பதில் இல்லை என்றதும் மாவட்டத்தை இழுக்கிறார். இதே பட்டியலில் ஆற்காட்டுக்காரர் ஒருவர் பட்டர்ஃப்ளையில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் கிக் (தவளைபோல் கால் உதைப்பது) போட்டபோது, டிஸ்குவாலிஃபை என்று நீங்கள் எல்லாரும் கத்தினீர்கள். மாஸ்டர்ஸில் அந்த கிக் அனுமதி என்று விதியைக் காட்டி அவர் நேரத்தை ஏற்றியது யார்? நான்! அப்போது நான் வேலூர்க்காரனாகத் தெரியவில்லையா?

குடியாத்தம் கிணறு:
அந்த பட்டர்ஃப்ளை பேச்சை மறுபடி எடுக்காதீர்கள். அன்று கத்தியவர்களில் பாதிப்பேர் கிணற்றில் ஒரு முழுக்குகூடப் போடாதவர்கள். நாங்கள் எல்லாம் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் குதித்து நீச்சல் படித்தவர்கள்.

ஆரணி பட்டு:
கிணற்றில் நீந்தினால் என்ன, குளத்தில் நீந்தினால் என்ன? என் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, முப்பத்தைந்து வயதுக்கு மேல் குளத்தில்தான் நீச்சல் கற்றேன். கிணற்றில் படித்தால்தான் நீச்சல்காரர் என்று இன்னொரு முறை சொல்லாதீர்கள்.

குடியாத்தம் கிணறு:
உங்களைச் சொல்லவில்லை அக்கா.

ஆரணி பட்டு:
என்னைத்தான் சொன்னீர்கள்.

சத்துவாச்சாரி:
மறுபடியும் கேட்கிறேன். உலக அளவில் குளத்தின் நீளத்துக்கே கணக்கு இருக்கிறது. 25 மீட்டரில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது. கூடினாலும் மிகக் கொஞ்சம்தான் விடுவார்கள். நாம் நீந்திய குளத்தை யாராவது டேப் வைத்து அளந்தோமா? அளக்கவில்லை என்றால் பட்டியலில் இருக்கிற எல்லா நேரமும் கேள்விக்குறிதான். எது அதிகாரபூர்வம் என்று எழுதி வையுங்கள்.

காட்பாடிக்காரன்:
குளத்தை அப்புறம் அளக்கலாம். இப்போதைய விஷயம் சீட்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டியலில் பெயர் வந்தால் யாருக்கும் பணம் கிடைக்காது, வேலை கிடைக்காது. அறுபது வயதில், முழங்கால் வலியோடு, விடியற்காலை பஸ் பிடித்து வந்து நீந்துகிறவர்களுக்கு இருக்கிற ஒரே மரியாதை அந்த ஒரு வரி. அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக்கொடுத்தால், முறையாக 50 மீட்டருக்குப் பெயர் கொடுத்து, பணம் கட்டி, அந்தப் பந்தயத்திலேயே நீந்தி 33.90 எடுத்தவரை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்? அவர் இதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார். வேகம் இருக்கிறதென்றால் 50 மீட்டரிலேயே நீந்தியிருக்கலாம் அல்லவா?

வாலாஜா வேகம்:
அன்று 50-ம் 100-ம் அடுத்தடுத்து வந்தது, அதனால் ஒன்றுக்குத்தான் பெயர் கொடுத்தேன். அதுவும் குற்றமா? எனக்கும் அந்த ஒரு வரிதான் வேண்டும். நானும் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்து நீந்தியவன். கேட்டேன், நீந்தினேன், முடித்தேன். வாட்சும் இருக்கிறது. நீங்கள் ஏற்றாவிட்டால் நான் தனியாக ராணிப்பேட்டைப் பட்டியல் தொடங்குவேன்.

காட்பாடிக்காரன்:
தாராளமாகத் தொடங்குங்கள். அதில் முதல் வரியாக 33.40 போட்டு, பக்கத்தில் "சீட்டு இல்லை" என்றும் எழுதுங்கள்.

குடியாத்தம் கிணறு:
அப்படித் தனிப் பட்டியல் வந்தால் எங்கள் நேரத்தை எதில் போடுவது? குடியாத்தம் வேலூர் மாவட்டம்தான், ஆனால் போன மீட்டில் நான் வாலாஜா டீமோடு ரிலே நீந்தினேனே?

ஆரணி பட்டு:
அது கலப்பு ரிலேயா, இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.